கரண்ட் கடத்துற பாலிமர் செய்யப் போறீங்களா? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

எம்எஸ்சி பிராஜெக்ட்டுக்கு வர்றவங்களும் பிஎச்டி முதல் வருஷத்துல இருக்கிறவங்களும் வருஷா வருஷம் என்கிட்ட கேக்கிற கேள்விங்க இது. வாய்ல சொல்லிச் சொல்லி சில விஷயம் விட்டுப்போகுது, அதனால எழுதியே வெச்சிட்டேன். பெரும்பாலும் பாலிஅனிலின் பத்திதான் இருக்கும், ஏன்னா நம்ம காலேஜ் லேப்ல இருக்கிற சாமானை வெச்சு உருப்படியா செய்யக்கூடியது அதுதான். இதே மாதிரி கடத்துற பெடாட், பி3எச்டி (பாலி-3-ஹெக்சைல்தயோஃபீன்)ங்கிற பாலிமர் ரெண்டும் பின்னாடி வருது.

பிளாஸ்டிக் கரண்ட்டை கடத்தாதுன்னுதானே ஸ்கூல்ல படிச்சோம், இது மட்டும் எப்படி கடத்துது?

ஒயர் மேல சுத்தியிருக்கிற பிளாஸ்டிக்ல எலக்ட்ரான் எல்லாம் அததோட பாண்ட்ல இறுக்கமா உக்காந்திருக்கும், நகராது. இந்த பாலிமர்ல செயின் நெடுக சிங்கிள் பாண்ட், டபுள் பாண்ட், சிங்கிள், டபுள்னு மாறி மாறி வரும், அதனால எலக்ட்ரான் ஒரே இடத்துல அடங்காம செயின் முழுக்க பரவி இருக்கும். ஆனா அது மட்டும் போதாது, இந்த நிலைமைல அது வெறும் செமிகண்டக்டர்தான், கிட்டத்தட்ட கடத்தாதுன்னே சொல்லலாம். செயின்ல இருந்து கொஞ்சம் எலக்ட்ரானை உருவணும், இல்ல பாலிஅனிலின் மாதிரி ஆசிட்ல இருந்து புரோட்டானை ஏத்தணும், இதுக்குத்தான் டோப்பிங்னு பேரு. நெரிசலான பஸ்ல ஒருத்தர் இறங்கினாத்தான் மத்தவங்க நகர முடியுது இல்லையா, அந்த மாதிரி ஒரு காலி இடம் உண்டானதும் சார்ஜ் நகர ஆரம்பிக்குது.

இது ஒரு தப்பால கண்டுபிடிச்சதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

பாதி நிஜம். 1967ல டோக்கியோல ஹிடெகி ஷிரகாவா வேலை பாத்த லேப்ல அசிட்டிலின் கேஸை பாலிமரா மாத்திட்டு இருந்தாங்க, அங்க வந்திருந்த ஒரு ஆராய்ச்சியாளர் கேட்டலிஸ்ட்டை போட வேண்டிய அளவை விட ஆயிரம் மடங்கு அதிகமா போட்டுட்டார், மில்லிமோலுக்கு பதிலா மோல். கறுப்புப் பவுடர் வர வேண்டிய இடத்துல வெள்ளி மாதிரி பளபளன்னு ஒரு படலம் வந்துச்சு. தப்பு அதோட முடிஞ்சது. அதுக்கப்புறம் அந்தப் படலத்தை தூக்கிப் போடாம வருஷக்கணக்கா உக்காந்து படிச்சது தப்பு இல்ல, உழைப்பு. பிறகு ஆலன் மெக்டயார்மிட் டோக்கியோ போனப்போ ஒரு செமினார் இடைவேளைல ஷிரகாவாவைப் பாத்து பேசி பென்சில்வேனியா யுனிவர்சிட்டிக்கு கூப்பிட்டார், அங்க ஆலன் ஹீகரும் சேர்ந்து அயோடின் ஆவியைக் காட்டினதுல அந்தப் படலத்தோட கண்டக்டிவிட்டி 1 கோடி மடங்கு ஏறிச்சு. 1977ல பேப்பர் வந்துச்சு, 2000ல மூணு பேருக்கும் கெமிஸ்ட்ரி நோபல்.

ஆனா பாலிஅசிட்டிலின் காத்துல வெச்சா கெட்டுப்போயிடும், அதனால சென்சார், சோலார் செல் மாதிரி டிவைஸுக்கு அது வரல. பாலிஅனிலின், பாலிபைரோல், பாலிதயோஃபீன்னு காத்தைத் தாங்குற பாலிமர்ங்கதான் வந்துச்சு.

சரி, பாலிஅனிலின் செய்யற முறை என்ன? ஒவ்வொரு பேப்பர்லயும் ஒவ்வொண்ணு போட்டிருக்கே?

எனக்கும் முதல்ல இதுதான் தலைவலி. இப்ப நான் எல்லாருக்கும் சொல்றது ஒண்ணே ஒண்ணு: ஐயூபேக்ங்கிற சர்வதேச கெமிஸ்ட்ரி அமைப்பு 2002ல ஒரு ரிப்போர்ட் போட்டாங்க, அஞ்சு இன்ஸ்டிட்யூட்ல எட்டு பேர் ஒரே முறைல செஞ்சு 59 சாம்பிள் அளந்து பாத்தாங்க, கண்டக்டிவிட்டி சராசரியா 4.4 சீமென்ஸ்/செ.மீ. வந்துச்சு. முதல் முறை செய்யறவங்க அதையே அப்படியே செய்யுங்க, உங்க ஐடியா எல்லாம் அடுத்த பேட்ச்ல.

அனிலின் ஹைட்ரோகுளோரைடு 2.59 கிராம் எடுத்து தண்ணில கரைச்சு மொத்தம் 50 மில்லி ஆக்குங்க. எலக்ட்ரானை உருவுற (ஆக்சிடைஸ் பண்ற) அமோனியம் பெர்சல்ஃபேட் 5.71 கிராம், அதையும் தனியா 50 மில்லி. ரெண்டையும் ரூம் டெம்பரேச்சர்ல ஒரு மணி நேரம் வெச்சிட்டு, பீக்கர்ல ஒண்ணா ஊத்தி லேசா கலக்கி அப்படியே விட்டுடுங்க. அடுத்த நாள் ஃபில்டர் பண்ணி 0.2 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல 100 மில்லி வீதம் மூணு தடவை கழுவணும், அப்புறம் அசிட்டோன்ல அதே மாதிரி, முதல்ல காத்துல காய வெச்சு பிறகு 60 டிகிரி வேக்குவம்ல. அவ்வளவுதான் முறை.

ஊத்தினதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், பயந்து இன்னும் கொஞ்சம் பெர்சல்ஃபேட் போட்டுடாதீங்க! பீக்கர்ல ஒரு தெர்மாமீட்டரை விட்டு வெச்சிருங்க. சில நிமிஷம் அமைதி, அப்புறம் லேசா நிறம் தட்டும், நீலம் அடர்த்தியாகும், அதே நேரம் தெர்மாமீட்டர்ல டெம்பரேச்சர் ஏற ஆரம்பிக்கும், நீலம் மெல்ல பச்சைக்குத் திரும்பும், மேல தண்ணி மட்டத்துல செம்பு மாதிரி ஒரு பளபளப்பு படியும். பீக்கர் சுவர்லயும் பச்சையா ஒரு படலம் ஒட்டியிருக்கும். எத்தனை தடவை செஞ்சாலும் நான் அந்த நேரத்துல பீக்கர் பக்கத்துலயே நின்னு பாப்பேன், அவ்ளோ அழகா இருக்கும்.

ஐஸ்ல வெச்சு செய்யணும்னு கைடு சொல்றாரே?

அதுவும் சரிதான். 0-5 டிகிரில செஞ்சா ரியாக்‌ஷன் மெதுவா போகும், செயின் நீளமா வரும். செறிவு அதிகமா போடுறீங்கன்னா ஐஸ் கட்டாயம், சூடு வெளிய போக வழியில்லாம கையை மீறிப் போயிடும். மேல சொன்ன 0.2 மோலார் அளவுக்கு ரூம் டெம்பரேச்சர் போதும்.

மோல் கணக்குல பெர்சல்ஃபேட் அளவு ஏன் அனிலினை விட 1.25 மடங்கு? கொஞ்சம் கூட போட்டா யீல்டு ஏறாதா?

4 அனிலினுக்கு 5 பெர்சல்ஃபேட், அதுதான் கணக்கு, 5ஐ 4ஆல வகுத்தா 1.25. அதாவது எமரால்டின்கிற பாதி ஆக்சிடைஸ் ஆன நிலை வரைக்கும் கொண்டு போக சரியா அவ்வளவு எலக்ட்ரானை எடுக்கணும். கூட போட்டா அதுக்கு மேலயும் ஆக்சிடைஸ் ஆகி பெர்னிக்ரானிலின் பக்கம் போகும், அது தண்ணில உடைய ஆரம்பிக்கும், செயின் கெட்டுப்போகும், பவுடர் பாக்க நல்லாதான் இருக்கும், கண்டக்டிவிட்டி மட்டும் வராது. பெர்சல்ஃபேட் பாட்டில் எப்ப திறந்ததுன்னும் பாருங்க. ஈரம் பட்டு கட்டியா இருந்தா அதோட வீரியம் போயிருக்கும், நீங்க 1.25 போட்டதா நினைச்சிட்டு இருப்பீங்க, உண்மைல 1 கூட இருக்காது.

எங்க லேப் அனிலின் பிரவுன் கலர்ல இருக்கு, அதையே போடலாமா?

போடாதீங்க. இதை நான் கெஞ்சியே கேப்பேன். பிரவுன்னா ஏற்கனவே காத்துல ஆக்சிடைஸ் ஆனது, அந்தக் குப்பை எல்லாம் செயினுக்குள்ள போய் உக்காரும், அப்புறம் எந்த ஆசிட் போட்டுக் கழுவினாலும் வெளிய வராது. நான் ஆரம்பத்துல ஒரு லேப்ல இருந்தப்போ டீ டிகாக்‌ஷன் மாதிரி இருந்த அனிலினை வெச்சே ஆறு பேட்ச் செஞ்சேன், ஆறும் பச்சையா வந்துச்சு, ஆறும் ஆறு விதமான கண்டக்டிவிட்டி, ரெண்டு மாசம் போச்சு. பிறகு ஜிங்க் தூள் கொஞ்சம் போட்டு வேக்குவம்ல டிஸ்டில் பண்ணினேன், சொட்டுச் சொட்டா தண்ணி மாதிரி தெளிவா விழுந்துச்சு, அந்த பாட்டிலை அலுமினியம் ஃபாயில் சுத்தி நைட்ரஜன் விட்டு ஃபிரிட்ஜ்ல வெச்சு எடுத்து செஞ்ச அடுத்த மூணு பேட்ச்சும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போச்சு.

டிஸ்டில் பண்ண வசதி இல்லைன்னா நல்ல வெள்ளையான அனிலின் ஹைட்ரோகுளோரைடு சால்ட்டா வாங்கிடுங்க. எடை போடவும் சுலபம், திரவ அனிலின் அளவுக்கு கையில பட்டு உள்ள போற பயமும் இல்ல.

பச்சை கலர் வந்துடுச்சு, வேலை முடிஞ்ச மாதிரிதானே?

இல்லைங்க. பச்சைன்னா எமரால்டின் சால்ட் (ஆசிட் ஏறின, கடத்துற வடிவம்) இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். அது கூடவே அமோனியம் சல்ஃபேட், சல்ஃபூரிக் ஆசிட், குட்டிக் குட்டி செயின், மிச்ச மோனோமர் (செயினா சேராத அனிலின்) எல்லாம் அதே பச்சைக்குள்ள ஒளிஞ்சிருக்கும். பவுடரை டிவைஸ்ல போடுறப்போ தொந்தரவு கொடுக்கிறது இதுங்கதான், அயான் நகர்றதை எலக்ட்ரான் நகர்றதா நினைச்சு ஏமாந்தவங்க நிறைய பேர். கழுவுறது போரடிக்கிற வேலைதான், ஆனா என்னோட அனுபவத்துல டிவைஸ் நல்லா வர்றதும் வராததும் பாதிக்கு மேல இந்த ஃபனல்லயே முடிவாகிடுது. கழுவி வர்ற தண்ணில பேரியம் குளோரைடு ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க, வெள்ளையா கலங்கினா சல்ஃபேட் இன்னும் இருக்கு, மறுபடி கழுவுங்க. அசிட்டோன் முதல்ல பிரவுனா இறங்கும், அது குட்டி செயின்ங்க, நிறமில்லாம இறங்குற வரைக்கும் விடணும்.

ஒரு விஷயம், வெறும் தண்ணில கழுவிட்டே இருக்காதீங்க. ஆசிட் போயிட்டே இருந்தா பச்சை நீலமா மாறும், அதாவது டோப்பிங் இறங்குது. அதனாலதான் ஆசிட் தண்ணில கழுவச் சொல்றது.

யீல்டு 120 சதவீதம் வந்துச்சு, பேப்பர்ல போடலாமா?

முதல்ல கணக்கைப் பாருங்க. 20 மில்லிமோல் அனிலின்ல இருந்து ஆசிட் இல்லாத நீல பேஸ் அதிகபட்சம் 1.81 கிராம்தான் வரும், பாதி நைட்ரஜன்ல ஹைட்ரோகுளோரிக் ஆசிட் உக்காந்த பச்சை சால்ட்டா இருந்தா 2.18 கிராம். நீங்க சால்ட்டை எடை போட்டு பேஸோட கணக்குல வகுத்தா அதுவே 120 ஆகிடும். அதையும் தாண்டினா தண்ணி இருக்கு, இல்ல சரியா கழுவல. நேர்மையா தெரிஞ்சுக்கணும்னா கொஞ்சம் பவுடரை அமோனியா தண்ணில போட்டு பேஸா மாத்திக் கழுவி, காய வெச்சு எடை போடுங்க.

பவுடரை அழுத்தி பெல்லட் (வில்லை) ஆக்கி மல்டிமீட்டர் வெச்சு அளந்தேன், ரெசிஸ்டன்ஸ் சரியாவே வரலையே?

வராது, அது உங்க பாலிமரோட தப்பு இல்ல. 13 மில்லிமீட்டர் டையில 1 மில்லிமீட்டர் தடிமன்ல பெல்லட் போட்டிருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். பரப்பு சுமார் 1.33 சதுர செ.மீ., கண்டக்டிவிட்டி 4.4ன்னா மேல இருந்து கீழ வரைக்கும் ரெசிஸ்டன்ஸ் வெறும் 0.017 ஓம். உங்க மல்டிமீட்டரோட ரெண்டு முனையையும் சேத்துத் தொட்டுப் பாருங்க, ஒயர் மட்டுமே 0.2, 0.3 ஓம் காட்டும்! அதாவது நீங்க அளக்கிறது ஒயரையும், முனை பெல்லட்ல சரியா படாத இடத்தையும்தான். நாலு முனை வெச்சு அளக்கிற ஃபோர் புரோப் இதுக்குத்தான்: வெளி ரெண்டுல கரண்ட் விட்டு உள் ரெண்டுல வோல்டேஜ் பாக்கறது, வோல்ட்மீட்டர் வழியா கரண்ட் கிட்டத்தட்ட போகாததால ஒயர் கணக்குலயே வராது. உங்க காலேஜ்ல இல்லைன்னா பக்கத்து ஃபிசிக்ஸ் டிபார்ட்மென்ட்ல கேளுங்க, பிஜி பிராக்டிகலுக்கு பெரும்பாலும் இருக்கும்.

4.4ங்கிறது கம்மின்னு நினைக்காதீங்க. செம்பு இதை விட ஒரு லட்சம் மடங்குக்கு மேல நல்லா கடத்தும், உண்மைதான். செம்புக்குப் போட்டியா நிக்கிறதுக்கு யாரும் இதைச் செய்யல, சென்சார்லயும் ஆன்டிஸ்டாட்டிக் கோட்டிங்லயும் துருப்பிடிக்காம காக்கிற பெயிண்ட்லயும் இந்த அளவே போதும், அதுவும் ஆசிட் பட்டா ஏறுறது அமோனியா பட்டா இறங்குறதுங்கிற குணம் செம்புக்குக் கிடையாதே.

பவுடர் எதுலயும் கரையலையே, படலம் எப்படிப் போடறது?

பச்சை சால்ட் சாதாரண சால்வென்ட்ல கரையாது. நீல பேஸா மாத்தினா என்எம்பிங்கிற சால்வென்ட்ல கரையும், அதுவும் நிறைய போட்டா ஜெல் ஆகிடும், கம்மியா போட்டு இரவு முழுக்க கலக்கி ஃபில்டர் பண்ணி ஊத்துங்க. படலம் காஞ்சதும் ஆசிட்ல முக்கினா கண்ணெதிர்லயே நீலம் பச்சையாகும். இன்னொரு வழி, டோப் பண்ற ஆசிட்டையே மாத்தறது. கேம்ஃபர் சல்ஃபானிக் ஆசிட் போட்டு மெட்டா-கிரெசால்ங்கிற சால்வென்ட்ல கரைச்சா கடத்துற நிலைலயே கரையும்னு 1992ல ஹீகர் குழு காட்டினாங்க, கண்டக்டிவிட்டியும் நூறு, இருநூறுன்னு போகும். ஆனா மெட்டா-கிரெசால் தோலைப் பொசுக்கிடும், நாத்தமும் போகாது, பழகாதவங்க தனியா நின்னு செய்ய வேண்டாம்.

பெடாட்:பிஎஸ்எஸ்னு ஒண்ணு பாட்டில்லயே விக்குதே, அப்புறம் நாம ஏன் செய்யணும்?

டிவைஸ்தான் உங்க நோக்கம்னா வாங்கிடுங்க, தப்பே இல்ல. 1980கள் கடைசில ஜெர்மனில பேயர் கம்பெனில உருவானது பெடாட், அது மட்டும்னா கரையாது, பிஎஸ்எஸ்ங்கிற ஆசிட் பாலிமரோட சேத்து செஞ்சதும் தண்ணில நீல மை மாதிரி நிக்கும். முதல்ல போட்டோ ஃபிலிம்ல ஸ்டாட்டிக் சார்ஜ் தட்டாம இருக்கப் பூசினாங்க. இன்னிக்கு மதர்போர்ட்ல இருக்கிற சாலிட் பாலிமர் கெப்பாசிட்டருக்குள்ள பெடாட் இருக்கு.

வாங்கும்போது கிரேடு பாத்து வாங்கணும், இதுல ஏமாந்து வர்றவங்க அதிகம். பிஎச்1000ல பெடாட்டுக்கு 2.5 மடங்கு பிஎஸ்எஸ், அது எலக்ட்ரோடுக்கு. 4083ல 6 மடங்கு, அது வேணும்னே கம்மியா கடத்துற மாதிரி செஞ்சது, சோலார் செல்லுலயும் எல்ஈடிலயும் ஹோல் (எலக்ட்ரான் போன காலி இடம்) மட்டும் போற லேயருக்கு, பக்கவாட்டுல லீக் ஆகக்கூடாதுன்னு. ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணைப் போட்டா டிவைஸ் வராது.

பிஎச்1000 அப்படியே பூசினா 1 சீமென்ஸ்/செ.மீ.க்கும் கீழதான் வரும், 5 சதவீதம் டிஎம்எஸ்ஓங்கிற சால்வென்ட் கலந்து பூசி காய வெச்சா நூற்றுக்கணக்குல போகும். பிஎஸ்எஸ் கொஞ்சம் விலகி பெடாட் செயின்ங்க ஒண்ணோடொண்ணு நல்லா தொட்டு அடுக்கிக்குது, அதான் விஷயம். ஃபிரிட்ஜ்ல வைங்க, ஆனா ஃப்ரீசர்ல வெச்சிடாதீங்க, உறைஞ்சு இளகினா கட்டி கட்டியா ஆகிடும், அந்த பாட்டிலை அப்புறம் காப்பாத்த முடியாது. பூசும் முன்னாடி 0.45 மைக்ரான் ஃபில்டர் வழியா விடணும். இது நல்ல ஆசிட்ங்கிறதும் ஞாபகம் இருக்கட்டும், நாள் ஆக ஆக அடியில கண்ணாடி மேல பூசியிருக்கிற ஐடிஓங்கிற கரண்ட் கடத்துற லேயரை அரிக்கும்.

பி3எச்டி செய்யறது ஏன் அவ்ளோ கஷ்டம்னு சொல்றாங்க?

ஏன்னா அங்க என்ன சேருதுங்கிறது மட்டும் முக்கியம் இல்ல, எந்தப் பக்கம் பாத்து சேருதுங்கிறதும் முக்கியம். ஹெக்சைல்தயோஃபீன் வளையத்துல ஒரு பக்கம்தான் அந்த ஆறு கார்பன் வால் இருக்கு. எல்லா வளையமும் ஒரே திசைல சேர்ந்தா செயின் தட்டையா படுக்கும், தட்டையான செயின்ங்க ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிக்கும், சார்ஜ் ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு தாவும். ரெண்டு வால் நேருக்கு நேர் முட்டிச்சுன்னா அந்த இடத்துல செயின் முறுக்கிக்கும். வெறும் ஃபெர்ரிக் குளோரைடு போட்டு ஆக்சிடைஸ் பண்ணினா பாலிமர் வரும், ஆனா திசை கலந்து கட்டிதான் வரும். 1992ல மெக்கல்லோ குழுதான் ஒரே திசைல சேர்க்கிற வழியை முதல்ல காட்டினாங்க, இப்ப எல்லாரும் செய்யறது பிறகு வந்த சுலபமான கிரிக்னார்டு (மெக்னீசியம் ரீஏஜன்ட்) முறை: டைப்ரோமோ ஹெக்சைல்தயோஃபீனை உலர்ந்த டிஎச்எஃப் சால்வென்ட்ல எடுத்து, ஐசோபுரோப்பைல் மெக்னீசியம் குளோரைடு சரியா ஒரு பங்கு போட்டு, அப்புறம் நிக்கல் கேட்டலிஸ்ட்டை ஒரே தடவைல கொட்டணும்.

இதுல "சரியா ஒரு பங்கு"ங்கிற வார்த்தைலதான் பல பேரோட மாசங்கள் போயிருக்கு. கிரிக்னார்டு பாட்டில்ல போட்டிருக்கிற செறிவை நம்பாதீங்க, ஒவ்வொரு தடவையும் டைட்ரேட் பண்ணி உண்மையான செறிவைப் பாருங்க. செயின் நீளம் மோனோமருக்கும் நிக்கலுக்கும் உள்ள விகிதத்துலதான் நிக்குது, நிக்கல் கம்மியானா செயின் நீளமாகும், துளி ஈரம் பட்டாலும் அந்தக் கணக்கு கலைஞ்சிடும்.

கடைசில சாக்ஸ்லெட்ல (சால்வென்ட்டை சுத்தி சுத்தி விட்டுக் கழுவுற கண்ணாடி சாமான்) முதல்ல மெத்தனால், அப்புறம் ஹெக்சேன், அப்புறம் குளோரோஃபார்ம். மெத்தனால் உப்பையும் கேட்டலிஸ்ட்டையும் எடுக்கும், ஹெக்சேன் குட்டி செயினை எடுக்கும், குளோரோஃபார்ம்ல ஆரஞ்சு கலந்த சிவப்பா இறங்குறதுதான் உங்களுக்கு வேணும், அதைப் படலமா போட்டா கறுத்த ஊதா ஆகும். நிக்கல் மிச்சம் இருந்தா டிரான்சிஸ்டர்ல சார்ஜ் அங்கங்க மாட்டிக்கும்.

என் போன்ல இருக்கிற ஓஎல்ஈடி டிஸ்பிளே இந்த பாலிமர்ல செஞ்சதா?

நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க. 1990ல கேம்பிரிட்ஜ்ல பாலிமர்ல இருந்து மஞ்சள் கலந்த பச்சை வெளிச்சம் வர வெச்சாங்க, பிபிவிங்கிற பாலிமர், பெரிய விஷயம்தான். ஆனா இப்ப போன்ல வெளிச்சம் கொடுக்கிறது சின்ன மாலிக்யூல்ங்க, வேக்குவம்ல ஆவியாக்கிப் படிய வைக்கிறது. மடக்குற டிஸ்பிளேல அடியில தாங்குற ஷீட் பாலிஇமைடு, அது பாலிமர், ஆனா கரண்ட் கடத்தாததுக்காகவும் சூட்டைத் தாங்குறதுக்காகவும் எடுத்தது.

சேஃப்டி பத்தி ஏதாவது?

அனிலின் தோல் வழியாவே உள்ள போகும், ரத்தத்துல ஆக்சிஜன் தூக்குற ஹீமோகுளோபினைக் கெடுக்கும், உதடும் நகமும் நீலமா ஆச்சுன்னா காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரி. கிளவுஸ் ஈரமானா அந்த நிமிஷமே மாத்துங்க. ரியாக்‌ஷன்ல பென்சிடின் கொஞ்சம் உண்டாக வாய்ப்பு இருக்கு, அது கேன்சர் வரவழைக்கிறது, அதனால கழுவின தண்ணியை சிங்க்ல ஊத்தாம கேன்ல சேருங்க. பெர்சல்ஃபேட்டை அசிட்டோன் பாட்டில் பக்கத்துல வைக்கக்கூடாது. டின் சாமானை வெச்சு செயின் சேர்க்கிற ஸ்டில்லே முறைல பாலிமர் செய்யறவங்க டிரைமெத்தைல் டின் சாமானைக் கையாளும்போது ஹூடை விட்டு வெளியவே எடுக்காதீங்க, அது நரம்பைத் தாக்கும்.

போன வாரம் நல்லா வந்த டிவைஸ் இந்த வாரம் வரல, பாலிமர் கெட்டுப்போச்சா?

முதல்ல பாலிமரைச் சந்தேகப்படாம பேட்ச் நம்பரைப் பாருங்க, ரெண்டும் ஒரே பேட்ச்தானா? அடுத்து அன்னிக்கு ஈரப்பதம் எவ்வளவு. பிஎஸ்எஸ் தண்ணியை உறிஞ்சும், மழைக்காலத்துல சென்னைல ஏசி ஓடாத ரூம்ல படலத்தை அரை மணி நேரம் திறந்து வெச்சிட்டு அளந்தா வேற நம்பர்தான் வரும். 120 டிகிரி ஹாட் பிளேட்ல 10 நிமிஷம் மறுபடி வெச்சு எடுத்து அளந்து பாருங்க, திரும்பி வந்தா ஈரம்தான் காரணம். பாலிஅனிலின்னா கொஞ்சம் கொஞ்சமா ஆசிட்டை இழந்திருக்கலாம், 1 மோலார் ஆசிட்ல முக்கி எடுத்து காய வெச்சு அளங்க. ரெண்டுக்கும் அசையலைன்னா, அப்ப புது பேட்ச் போடுங்க. பாட்டில் மேல தேதி, மோனோமர் எப்ப டிஸ்டில் பண்ணினது, எத்தனை தடவை கழுவினது, எல்லாத்தையும் பென்சில்ல எழுதி ஒட்டிடுங்க, பேனா மை அசிட்டோன்ல போயிடும்.